கச்சேரி வாசலில் கூப்பிட்ட பெயர்கள்

தம்பிகளே,

என்னை வழியனுப்பிய அன்று தாலுகா கச்சேரித் தாழ்வாரத்தில் மாலை போட்டு, நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்துப் பேர் முகத்தை ஒன்றாகப் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

உங்களில் ஒருவர், புதிதாக டவாலிப் பட்டை மாட்டிக்கொண்டு சேவகனாகச் சேர்ந்த பிள்ளை, டீக்கடையில் என்னைக் கேட்டார். "லஞ்சம் எப்பவும் இருக்கறதுதானே அண்ணே? எங்க தாத்தா காலத்துல இருந்து குடுத்துகினுதான் கீறாங்க. அந்த ஒரு தபா மட்டும் இன்னாத்துக்கு ஊரே திரண்டு வந்து கச்சேரியில ஒக்காந்தது?"

பத்திரிகைகளில் காரணம் எழுதினார்கள். மழை இல்லாத வருஷம் என்றார்கள், வாங்குகிறவர்களின் பேராசை என்றார்கள், தலைவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்றார்கள். இருக்கலாம். நான் வாசலில் நின்றவன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். எந்தக் கச்சேரி என்று எழுதப்போவதில்லை. சித்தூர் ஜில்லாவின் எல்லையில் ஒரு தாலுகா, அவ்வளவு போதும்.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்திருந்தது. எங்கள் பக்கம் யாருக்குப் போகும் என்று முடிவாகவில்லை. சென்னையோடு சேர வேண்டும் என்று ஒரு கட்சி, இங்கேயே இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற இடத்தில்கூட அந்தச் சண்டைதான். அதே வருஷங்களில் ஜமீன் ஒழிந்து, ஜமீன் நிலத்தை உழுதுகொண்டிருந்தவர்களுக்குப் பட்டா கொடுக்கிற விசாரணையும் நடந்தது. உழுதவன் ஒருவன் இருப்பான். நிலம் என்னுடையது என்று சொல்ல இன்னொருவன் வருவான். இரண்டு பேரும் விசாரணைக்கு வர வேண்டும்.

அங்கே நம் வேலை வருகிறது. டவாலிச் சேவகன் வாசலில் வந்து நின்று பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவையும் ஆள் வராவிட்டால் உள்ளே தாசில்தார் 'ஆஜர் இல்லை' என்று எழுதிவிடுவார். வந்தவனுக்கு நிலம். எவ்வளவு சத்தமாகக் கூப்பிட வேண்டும், எந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்கள் கச்சேரியின் முழுப் பிழைப்பும் அந்த இடைவெளியில் ஓடியது.

அப்போது கூப்பிடுகிற வேலை பெரிய டவாலியிடம் இருந்தது. எங்களுக்கெல்லாம் மூத்தவர். அவர் தொண்டையைத் திறந்தால் பஸ் நிற்கும் இடத்தில் கட்டியிருக்கிற மாடு காதை அசைக்கும். மாமூல் வைத்தவன் பெயரை அவர் முற்றத்தைப் பார்த்துக் கூப்பிடுவார். வைக்காதவன் பெயரை, அல்லது எதிராளி கேட்டுக்கொண்டவன் பெயரை, கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அறைக்குள் சொல்வார். மூன்று தடவையும் சொல்வார். ஒன்றுகூடக் குறையாது. "கூப்ட்டேன் சார், காணோம்."

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். என் மனைவி பிரசவத்தில் கஷ்டப்பட்டபோது வண்டி கட்டிக்கொண்டு அவரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். அவர் வாங்கிய மணிலாக்கொட்டை மூட்டையும் கோழியும் பூசணிக்காயும் கச்சேரியின் பின்வாசல் வழியாக யார் யார் வீட்டுக்குப் போயின என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டுக்குப் போனது கொஞ்சம்.

ஒரு தடவை ஒரே வழக்கில் இரண்டு பக்கமும் அவருக்கு மாமூல் வைத்துவிட்டார்கள். அவர் இரண்டு பேரையும் முற்றம் அதிரக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் இரண்டு பேரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா பெரியவரே, அவனையும் கூப்ட்டியே?"

"அவனும் குடுத்தாண்டா. உன் பேரைச் சத்தமா கூப்ட்டனா இல்லியா? அதுக்குத்தான வாங்கினேன்?"

முற்றம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு விஷயம் இருந்ததை அப்போது யாரும் யோசிக்கவில்லை. அந்த இரண்டு பேரும் கொடுத்தது எதற்கு? அவரவர் பெயரை அவரவர் காதில் விழச் செய்வதற்கு. அது கொடுக்காமலே கிடைத்திருக்க வேண்டியது.

இனி ஏகாம்பரத்தைப் பற்றி.

எல்லையோரத்துக் கிராமத்து ஆள். அவருடைய அப்பா காலம்வரை கூலி வேலை. ஜமீனில் யாருக்கும் வேண்டாத ஒரு கல்லாங்காட்டை இவரும் இவர் மனைவி கன்னியம்மாளும் திருத்தினார்கள். இரண்டு பேருமாகவே கிணறு தோண்டினார்கள். பாறையில் தண்ணீர் வந்த பிறகுதான் அந்த நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர் முளைத்தார். ஊரில் பெரிய குடும்பம்.

ஏகாம்பரம் முதல் விசாரணைக்குக் கோழி கொண்டுவந்தார். இரண்டாவதற்குக் கேழ்வரகு. அதற்கப்புறம் வீட்டில் ஒன்றும் இல்லை. வெறும் கையோடு வந்து பெரிய டவாலியைக் கும்பிட்டார். "அறுப்பு ஆனதும் கொண்டாறேன் சாமி" என்றார். "ஆவட்டும் போ" என்றார் இவர்.

அன்றைக்கு நான் தபாலோடு சித்தூர் போயிருந்தேன். நடந்ததை எனக்குச் சொன்னது மங்கம்மா. அவள் வடமாலபேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரி. கச்சேரிப் படியின் அடியிலேயே பானை வைத்து மோர் விற்பாள். பெரிய டவாலி தயவில்தான் அந்த இடம். ஏகாம்பரமும் கன்னியம்மாளும் முற்றத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டவாலி வாசலுக்கு வந்தார். கதவுப் பக்கம் திரும்பினார். மூன்று தடவை சொன்னார். முடிந்துவிட்டது.

"நாக்கு வினபடிந்தி நாயனா" என்றாள் மங்கம்மா. எனக்குக் கேட்டது என்று அர்த்தம். "படிக்கிட்ட இருந்த அந்த நாலு ஆளுக்கும் கேட்டுது. அவங்க கேஸு அடுத்தாப்புல. நானு ஏமி பேசறது? பேசினா பானையைத் தூக்கிப் போட்டுடுவாரு."

சாயங்காலம் கச்சேரி மூடுகிற நேரத்தில் ஏகாம்பரம் படியேறி வந்து, எங்களை எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டிருக்கிறார். கூப்பிட்டாயிற்று, ஆஜர் இல்லை என்று எழுதியாயிற்று என்று குமாஸ்தா சொன்னார்.

"நான் கீறேனே" என்றாராம் ஏகாம்பரம். "இங்கதான கீறேன்."

மறுநாள் காலை நான் கச்சேரியைத் திறக்கும்போது அவர் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். அன்று விசாரணை வேறு ஆட்களுக்கு. பெரிய டவாலி வந்து முற்றத்தைப் பார்த்து யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிட்டார். அந்த ஆள் எழுவதற்குள் ஏகாம்பரம் கையைத் தூக்கிச் சொன்னார்: "கீறேன்."

"உன்னை இல்லய்யா, தள்ளு."

அடுத்த பெயர். "கீறேன்."

எல்லாப் பெயருக்கும் அதையே சொன்னார். கதவைப் பார்த்து மெதுவாகச் சொன்ன பெயருக்கும், கூர்ந்து கேட்டு, "கீறேன்" என்றார். முற்றத்தில் சிரித்தார்கள். "ஏகாம்பரம், உனுக்கு எத்தினி பேருடா?" என்று கிண்டல் செய்தார்கள். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். கன்னியம்மாள் கெஞ்சிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், பிறகு அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். கத்திரி வெயில். மரத்தடிக்கு வரச் சொன்னால் வர மாட்டார். "அங்க ஒக்காந்தா கேக்காது" என்பார்.

நாளாக ஆக யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் அந்த இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். மாமூல் வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பவன் பெயர் வரும். அவனுக்கு முன்னால் இந்த மனிதர் "கீறேன்" என்பார். அவன் தலையைக் குனிந்துகொண்டு இவரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். போகும்போது அவனுக்குத் தெரியும், தன் பெயர் எப்படிக் கேட்டது, இவர் பெயர் ஏன் கேட்கவில்லை என்று.

ஒரு மத்தியானம், ஒரு பெயருக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கன்னியம்மாள் மடியில் தலை. மங்கம்மா மோரை முகத்தில் தெளித்தாள், வாயில் விட்டாள். அது வழிந்துவிட்டது. நானும் இன்னும் இரண்டு பேரும் அவரைத் தூக்கி மரத்தடியில் போட்டோம். உயிர் போன உடம்பில் கனமே இல்லை. உள்ளேயிருந்து தாசில்தார் "என்ன சத்தம்?" என்று கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

அடுத்த விசாரணை நாள். முற்றம் நிறைய ஆட்கள். பெரிய டவாலி வாசலுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. ஆனால் வாங்கியாயிற்று, மேலே பங்கும் போயாயிற்று. கதவைப் பார்த்துத் திரும்பி ஒரு பெயரைச் சொன்னார்.

"சுப்பராயலு! சுப்பராயலு காரு எவரு? பிலுஸ்துன்னாரு!"

சுப்பராயலு யார், கூப்பிடுகிறார்கள் என்று, மோர்ப் பானைக்குப் பின்னால் எழுந்து நின்று மங்கம்மா கத்தினாள். பெரிய டவாலி திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஏய், உனுக்கு இன்னா வேலை?"

"மோரு விக்கறதுகூட கத்தித்தானே விக்கறேன்? இப்போ பேரு கத்தறேன். சுப்பராயலு!"

மரத்தடியில் ஒரு தமிழ்க் குடியானவர் எழுந்தார். எல்லைச் சண்டையில் தெலுங்குக்காரர்களோடு அடிதடிக்குப் போனவர். அவரும் திரும்பிக் கூப்பிட்டார்: "சுப்பராயலு!" அவருக்குப் பின்னால் இருந்தவர் கூப்பிட்டார். பெயர் மரத்தடியிலிருந்து மதில்வரை போய், மதிலைத் தாண்டி பஸ் நிற்கும் இடம்வரை போனது. அங்கே வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர், பழத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "உன்னானு! உன்னானு!" இருக்கிறேன், இருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இவ்வளவுதான். அதற்குப் பிறகு வாத்தியார்கள் வந்தார்கள், வக்கீல்கள் வந்தார்கள், சங்கம் என்று பெயர் வைத்தார்கள், திருப்பதியிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவந்து பேசினார்கள். ஊழலை ஒழிப்போம் என்று அவர்கள் பேசும்போது ஜனங்கள் பீடி பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஆனால் வாசலில் ஒரு பெயர் விழுந்தால் பீடியைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தார்கள். அதற்குப் படிப்பு வேண்டாம், காசு வேண்டாம், எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டாம். படியடியில் இருந்த அந்த நாலு பேரும் முதல் ஆளாக வந்தார்கள். ஏகாம்பரத்தின் பெயர் காதில் விழுந்தும் சும்மா இருந்தவர்கள் அவர்கள். பெரிய டவாலியைத் திட்டியவர்களைவிட அவர்கள்தான் அதிகச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். தாலுகாவில் கொடுக்காத ஆள் கிடையாது. கொடுத்தவன் ஒவ்வொருவனும் யாரோ ஒருவனுடைய காதை அடைத்திருக்கிறான். அது உள்ளே கிடந்து அறுத்திருக்க வேண்டும். வெறும் கோபமாக இருந்திருந்தால் நாலு நாளில் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட நாளுக்கு வருகிறேன்.

பெரிய டவாலி வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துவிட்டார். முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. மதிலோரமாகப் போலீஸ் வரிசையாக நின்றது. தாசில்தார் என்னை உள்ளே கூப்பிட்டார். இன்ஸ்பெக்டரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு நீ கூப்பிடு" என்றார் தாசில்தார். "வாசல்ல நின்னு பேரைச் சொல்லிட்டு உடனே உள்ள வந்துடு. மூணையும் ஒண்ணா சொல்லு. அவங்க போடற சத்தத்துல கேக்காது. கேக்கலன்னா நம்ம தப்பு இல்ல. புரியுதா?"

புரிந்தது. பெயர் கேட்கவில்லை என்றால் முற்றம் வாசலை நோக்கி வரும். முற்றம் வந்தால் போலீஸ் வரும். எல்லைக் கலகக்காரர்கள் கச்சேரியில் புகுந்தார்கள் என்று அன்று சாயங்காலமே எழுதி ஜில்லாவுக்கு அனுப்பிவிடலாம். லஞ்சம் என்ற வார்த்தையே அதில் வராது. அதற்கு ஒரு டவாலி வேண்டும். இருப்பதிலேயே குரல் இல்லாத டவாலி நான்தான்.

வாசலுக்கு வந்தேன். ஆயிரம் கண் பார்ப்பது போல் இருந்தது. பெரிய டவாலி போலக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. முற்றத்தில் யாரோ, "பாரு, இவனும் முழுங்கறான்!" என்றார்கள். கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. போலீஸ்காரர்கள் தடியை மாற்றிப் பிடித்தார்கள்.

நான் இரண்டு படி இறங்கினேன். டவாலி வாசலை விட்டு இறங்கக் கூடாது என்பது வழக்கம். இறங்கி, முகத்தை முற்றத்துக்குக் காட்டிக்கொண்டு, வீட்டில் பேசுகிற குரலில் மங்கம்மாவிடம் பெயரைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தினாள். முற்றம் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. முன்னால் வந்த கூட்டம் தானாகப் பின்னால் திரும்பிக் கூப்பிட ஆரம்பித்தது. திரும்பிவிட்ட கூட்டத்தைப் போலீஸ் என்ன செய்யும்? நான் நின்றேன். அந்த ஆள் வந்து படியேறியதும் அடுத்த பெயரைச் சொன்னேன்.

தாசில்தார் வாசலுக்கே வந்துவிட்டார். "யாரு அவங்கள கூப்பிடச் சொன்னது?"

"நான் மெதுவாத்தான் சொன்னேன் அய்யா."

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார். "பேரு சொல்லிக் கூப்பிடறதுக்கு என்ன செக்ஷன் போடறது சார்?" என்றார்.

அன்று யாருடைய மண்டையும் உடையவில்லை. தம்பிகளே, நம் கையில் அதிகாரம் ஒன்றும் இல்லை என்று மேலே உள்ளவர்கள் சொல்வார்கள். நெருக்கடி வந்தால் அவர்கள் முதலில் தேடுவது நம்மைத்தான். அந்த நேரத்தில் உரக்கப் பேச வராவிட்டால் பரவாயில்லை. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கலெக்டர் ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்தார்கள். பெரிய டவாலியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவருக்கு மேலே இருந்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கெடுதல் வரவில்லை. டவாலியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அவர் வெளியே வந்தபோது முற்றத்தில் கைதட்டினார்கள். நான் மதில்வரை கூடப் போனேன்.

"தட்டறாங்க பாத்தியா" என்றார். "எல்லாம் நான் ஒருத்தனே துன்னாப்புல."

"மேல யாரு யாருன்னு நீங்க சொல்லியிருக்கலாமே."

"யாரு பேரைடா சொல்றது? அவங்க பேரைக் கூப்ட்டா எந்த வாசல்ல வந்து நிப்பாங்க?"

அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை. கூப்பிடுகிற வேலை எனக்கு வந்தது.

சங்கம் ஓயாமல் மனுக் கொடுத்து, 'ஆஜர் இல்லை' என்று முடித்த வழக்குகளை மறுபடி எடுக்க உத்தரவு வாங்கியது. அதில் ஏகாம்பரத்தின் வழக்கும் ஒன்று. கன்னியம்மாள் வாரிசாக வர வேண்டும். அந்த நாளில் நான் ஏகாம்பரம் பெயரைச் சொன்னேன். முற்றம் கத்தவில்லை. ஒவ்வொருவரும் அதை மெதுவாகச் சொன்னார்கள். கன்னியம்மாள் படியேறினாள்.

உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தாள். எல்லை முடிவாகிவிட்டது. அவளுடைய கிராமம் சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டது. வழக்குக் கட்டு அந்தப் பக்கத்து ஆபீஸுக்குப் போகும், விசாரணையும் இனி அங்கேதான் என்று தாசில்தார் சொல்லிவிட்டார்.

"அங்க யாரு கீறாங்க எனுக்கு?" என்றாள் படியில் நின்று. "அங்க மெதுவா கூப்ட்டா இன்னா செய்வேன்?"

மங்கம்மா பானையை மூடினாள். "அக்கடிக்கு பஸ்ஸு உந்தா லேதா?" என்று என்னைக் கேட்டாள். அங்கே போகப் பஸ் உண்டு என்றேன்.

அந்தப் பக்கத்து விசாரணை நாள் வந்தது. அன்று காலை நான் எங்கள் வாசலுக்கு வந்தபோது முற்றம் காலியாக இருந்தது. சில கிழவிகள் மரத்தடியில். மற்றவர்கள் எல்லோரும் விடிந்ததும் முதல் பஸ்ஸில் கன்னியம்மாளோடு போய்விட்டார்கள். எங்கள் கச்சேரியிலும் அன்று விசாரணை நாள். போனவர்களில் பாதிப் பேருக்கு இங்கே வழக்கு.

காலியான முற்றத்தைப் பார்த்ததில் தாசில்தாருக்கு அன்று நல்ல பசி போல. காலை முழுக்க மற்ற கட்டுகளைப் பார்த்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "கூப்பிடு" என்றார். முதல் பெயரைக் கூப்பிட்டேன். கிழவிகள் திருப்பிச் சொன்னார்கள். யாரும் வரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டேன். வரவில்லை. அவர் பேனாவை எடுத்தார்.

அந்த ஆளை எனக்குத் தெரியும். கட்சிச் சண்டையில் ஆந்திராதான் வேண்டும் என்று நின்றவர். இப்போது இன்னொரு ராஜ்யத்து முற்றத்தில் ஒரு விதவையின் கணவர் பெயரைக் கேட்பதற்காக உட்கார்ந்திருக்கிறார். நான் மூன்றாவது தடவை கூப்பிட்டால் அவர் நிலம் போய்விடும்.

"அடுத்தவரைக் கூப்பிட்டுட்டு வரேன் அய்யா" என்றேன்.

அடுத்தவரையும் இரண்டு தடவை கூப்பிட்டேன். அதற்கடுத்தவரையும் இரண்டு தடவை. அன்றைய பெயர்கள் முழுவதையும் இரண்டு இரண்டு தடவை கூப்பிட்டு நிறுத்திவிட்டு வாசலில் நின்றேன்.

"மூணாவது?" என்றார் தாசில்தார்.

"கூப்பிடறேன் அய்யா."

"எப்போ?"

"தொண்டை கட்டிக்கிச்சு அய்யா. தண்ணி குடிச்சுட்டு கூப்பிடறேன்."

குடித்தேன். மறுபடி வந்து நின்றேன். அவர் திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்; அது எனக்கு வராத வேலை இல்லை. அவர் எழுந்து வந்து தானே கூப்பிட்டிருக்கலாம். ஒரு தாசில்தார் வாசலில் நின்று குடியானவன் பெயரைக் கத்துவதாவது? அந்தக் கௌரவம் அவரை நாற்காலியிலேயே உட்கார வைத்தது. வெயில் தாழ்ந்தது. கச்சேரி மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ் வந்து நின்றது. அவர்கள் தூசியோடு இறங்கி ஓடி வந்தார்கள். நான் மூன்றாவது தடவை கூப்பிட ஆரம்பித்தேன். "உன்னானு" என்றார் அந்த ஆள், மதில் வாசலிலிருந்தே.

எனக்கு நாலு மாதச் சம்பள வெட்டு வந்தது. அது ஒரு பெரிய விஷயம் இல்லை.

கன்னியம்மாளுக்கு அந்தப் பக்கத்தில் பெயர் நன்றாகவே கேட்டிருக்கிறது. இவர்கள் திருப்பிச் சொல்ல, அங்கே தங்கள் வழக்குக்காக வந்திருந்த முன்பின் தெரியாதவர்களும் திருப்பிச் சொன்னார்களாம். அவள் சொன்னதை அங்கே எழுதிக்கொண்டார்கள். சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. இடைப்பட்ட வருஷங்களில் பயிர் வைத்தவர் எதிராளி, ஆகவே நிலம் அவருக்கு. கிணறும் அவருக்கு. சட்டப்படி அது சரிதான் என்று வக்கீல்கள் சொன்னார்கள். சங்கத்திலும் மெல்லப் பேச்சு குறைந்தது. ஒலிபெருக்கி வைத்துப் பேசியவர்களில் இரண்டு பேர் தேர்தலுக்கு நின்றார்கள்.

ஒரு விசாரணை நாள் காலை, கன்னியம்மாள் எங்கள் முற்றத்துக்கு வந்தாள். அவளுக்கு எங்கள் கச்சேரியில் இனி வழக்கு இல்லை. எந்தக் கச்சேரியிலும் இல்லை.

"இன்னாம்மா வந்துட்ட?" என்றேன்.

"அந்தக் கெணத்துலயே கூலிக்கு ஏத்தம் எறைக்கக் கூப்பிடறாங்க" என்றாள். "இன்னிக்குப் போவல."

மங்கம்மா பானையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். கன்னியம்மாள் படியடியில், வெயிலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் இரண்டு படி இறங்கி, அன்றைய முதல் பெயரைச் சொன்னேன். யாரோ ஒரு தெலுங்குக்காரர், அவள் பார்த்தே இராத ஆள். மங்கம்மா வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மாள் எழுந்து, முற்றத்தைப் பார்த்துத் திரும்பி, அந்தப் பெயரைக் கூப்பிட்டாள்.